கணபதிக்கு முன்னாடியா, பின்னாடியா

லோஹேகாவ், புனே
11 ஆகஸ்ட் 2024

ஸ்டெல்லா,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை, போடவில்லை. வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் பண்ணி இன்றோடு நாலு நாள். பிளாக்கை எடுத்துவிடவும் மனசில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆபிஸ் மெயிலில் எழுதினால் உன் டெல்லி பெரிய மனிதர்கள் யாராவது படித்து வைப்பார்கள். தமிழில், காகிதத்தில், ஸ்பீட் போஸ்ட்டில் எழுதினால் அந்தக் கட்டடத்தில் உன்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனை விட்டுவிட்டுத் தமிழ் வகுப்புக்குப் போனோமே, அது கடைசியில் சண்டை போடத்தான் உதவுகிறது.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா செய்தி வைத்திருந்தார். "நீலா, ஓடி வாடி, நம்ம ஸ்டெல்லா டிவியில!" என்று கத்தினார். நம்ம ஸ்டெல்லாவாம். கரண்டியும் கையுமாக வந்து நின்றேன். மாம்பழக் கலர் காட்டன் புடவை, காதில் சின்னதாக வெள்ளி, சுற்றி நாலு கோட்டுக்காரர்கள், நடுவில் நீ.

"போலீஸ் பதிவேட்டில் ஏறுவது நடந்த குற்றமல்ல, எழுதிக்கொள்ளப்பட்ட குற்றம். ஒரே வழக்கில் அடிதடி, திருட்டு, கொலை மூன்றும் இருந்தால் தேசியக் கணக்கில் பெரியது ஒன்றுதான் எண்ணப்படும். லட்சம் பேருக்கு இத்தனை என்று நாம் படிக்கிற எண்ணுக்கு வெளியே எவ்வளவோ நிற்கிறது. அதனால் நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம்" என்றாய். நாங்களா? யாரடி அந்த நாங்கள்?

நீ ஒரு கதவைத் தட்டியிருக்கிறாயா? ஆயிரத்து இருநூறு வீடு. ஜனவரியும் பிப்ரவரியும் பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவள் நான். ஹிஞ்சேவாடி அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. கசார்வாடியில் சாள் என்கிற ஒண்டுக்குடித்தன வரிசை வீடுகளில் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கேட்கக் கூடாது என்பது விதி. நான் வாசலில் நின்று மாமியாரிடம் வெங்காய விலை பேசுவேன், உள்ளே என் பெண்களில் ஒருத்தி, பவுன், கேள்வித்தாளைப் படிப்பாள். போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை உங்கள் வீட்டில் ஏதாவது களவு போனதா? எந்த மாதம்? போலீஸுக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் ஏன்? இதையே ஆயிரத்து இருநூறு தடவை. கணக்கெடுப்பு அறிக்கையின் அட்டையில் உன் பெயர். மூன்றாம் பக்கத்தில் 'புனே களக் குழுவுக்கு நன்றி'. முப்பத்தெட்டு வயதில் என் பெயர் குழு.

அப்புறம் அந்த வரைபடம். கசார்வாடியைச் சிவப்பாகத் தீட்டி, "இங்கே கணபதி விழாவை ஒட்டித் திருட்டு ஐந்து மடங்கு" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினாய் பார். நாலு கோட்டும் தலையாட்டியது. பத்தாம் வகுப்பில் உனக்கு லாகரிதம் சொல்லிக் கொடுத்தது நான், பரீட்சையில் இரண்டு மார்க் கூட வாங்கியது நீ. அன்றைக்கும் இப்படித்தான் நிறுத்தி என்னைப் பார்த்தாய்.

அந்த ஐந்து மடங்கைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீயாக விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வயிறு எரிகிறது ஸ்டெல்லா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீலா


புது டெல்லி
17 ஆகஸ்ட் 2024

ஏட்டி நீலா,

அது மாம்பழக் கலர் இல்லை, வெறும் மஞ்சள். பக்கத்து ரூம்காரியிடம் இரவல் வாங்கியது. சாம்பார் கறை ஒன்று மடிப்புக்குள் இருந்தது, அதை மறைத்துக்கொண்டுதான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கரண்டியோடு நின்றாயே, அந்தக் கறை கண்ணில் படவில்லையா?

உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைப்பு. எனக்கு எட்டு வயதிலிருந்து எரிகிறது. உங்கள் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். மழை பெய்தால் உன் அப்பா ஸ்கூட்டரில் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போவார், நான் இரண்டு பஸ் மாறி நனைந்துகொண்டு கசார்வாடி போவேன். "கிருஷ்ணஸ்வாமி அங்கிள் என்னையும் கூப்பிட்டாரு"ன்னு அம்மாவிடம் எத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? இன்றைக்கும் நீ வடித்த சோற்றை உன் அப்பா சாப்பிடுகிறார். என் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது தம்பி ஜான். வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு வந்து அவன் அதைச் செய்கிறான், நான் இங்கே மெஸ் சப்பாத்தியை மென்றுகொண்டு நாட்டின் குற்ற விகிதம் எழுதுகிறேன்.

உன் பெயர் விஷயம். டைரக்டர் வெட்டிவிட்டார், பக்கம் போதவில்லை என்றெல்லாம் சொல்லலாம். உன்னிடம் அது எடுபடாது. உன் பெயரும் அட்டையில் வந்தால் என் பெயர் சின்னதாகத் தெரியுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று மனசு சொல்லுவதற்குள் கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான். திட்டிக்கொள்.

ஆனால் அந்தக் கடைசி வரி என்ன? மே மாதம் நான் போன் போட்டுக் கேட்டேன். "நீலா, கசார்வாடியில் களவு சொன்ன நாற்பத்தொரு வீட்டில் பதினாலு செப்டம்பராவே இருக்கே, ஒனக்கு ஏதாவது தெரியுமா?" என்று. நீ "இங்கே அப்படித்தான்" என்றாய். போலீஸ் கணக்கில் செப்டம்பருக்கு அப்படி ஒரு மேடு இல்லவே இல்லை. ஜனங்கள் புகார் கொடுக்கவில்லை, அதனால் அங்கே தெரியவில்லை என்று நானே ஒரு விளக்கம் எழுதி ஒட்டினேன். அறிக்கையில் எல்லோரும் பாராட்டுவது அந்தப் பத்தியைத்தான்.

அக்டோபரில் எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்காணல். ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் கிடக்கிறேன். இந்த அறிக்கையை நம்பித்தான் போகிறேன். ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

ஸ்டெல்லா


லோஹேகாவ்
25 ஆகஸ்ட் 2024

ஸ்டெல்லா,

நிரந்தர வேலையா! வாழ்த்துகள். எனக்கு இந்த நவம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் களத்துக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரர் இஷ்டம்.

நீ டிவியில் பேசியதை அப்பா மொபைலில் இறக்கி வைத்துக்கொண்டு காலை வாக்கிங்கில் எல்லோருக்கும் காட்டுகிறார். நேற்று ஒரு மாமி என்னிடம் வந்து, "நீயும் அவளோட படிச்சவதானே? நீ என்ன பண்றே?" என்று கேட்டாள். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறேன் என்றேன். "சேல்ஸா?" என்றாள்.

சாம்பார் கறை சொல்லி என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று பார்க்காதே. சிரித்தேன், ஆனால் அது வேறு. உன் பெயர் சின்னதாகிவிடும் என்று எழுதியிருக்கிறாயே, அதை மூன்று தடவை படித்தேன். நிஜத்தை எழுதினதற்கு உன்மேல் மரியாதைதான் வந்தது, அதனால் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில், மே மாதம் சொன்னதுதான். இங்கே அப்படித்தான்.

நீலா


லோஹேகாவ்
10 செப்டம்பர் 2024

ஸ்டெல்லா,

இதை உட்கார்ந்து படி. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கசார்வாடியிலிருந்து பஸ்ஸில், தனியாக, கையில் ஒரு டிபன் கேரியரோடு. கணபதிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே போலீஸ் சௌக்கியில் ஜானைக் கூப்பிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்களாம். பிள்ளையாரைக் கரைக்கிற விசர்ஜன் முடிகிற வரைக்கும் தினமும் வர வேண்டுமாம். அந்த சாள்களில் பழைய வழக்கு இருக்கிற பதினோரு பேரும் அங்கேதான். ஜானுக்கு என்ன வழக்கு, 2015-இல் தண்ணீர் லாரி வரிசையில் ஒருத்தனை அடித்தானே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா திருநாள். வருஷா வருஷம் சப்பரத்துக்கு விளக்கு வளைவு வெல்டிங் பண்ணுகிறவன் இந்த வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"ஒங்க அப்பா மிலிட்டரிக்காரரு, கொஞ்சம் வந்து பேசச் சொல்லு தாயி" என்றார்கள். ஏன் இப்படி என்று அப்பா கேட்டார். "ஏதோ ரிப்போட்டு வந்திருக்காம் சார். கணபதிக்குத்தான் கசார்வாடில களவு அஞ்சு மடங்காம். மேல இருந்து உத்தரவுன்னு சொல்லுதானுவ. எந்தப் படிச்ச மூதேவி எழுதிச்சோ, அது கை வெளங்காமப் போவ!" என்றார்கள்.

ஸ்டெல்லா, உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடி எனக்குள் இனித்தது. 'உங்க பொண்ணுதான் மாமி அந்த மூதேவி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், டிவியில் கேட்டவர் ஆயிற்றே. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லாட்ட சொல்லிராத என்ன, அவ தனியா கெடந்து அழுவா" என்றார்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மூதேவி நான்தான்.

விஷயம் இதுதான். மாதம் எது என்று கேட்டால் ஹிஞ்சேவாடிக்காரர்கள் மொபைலில் பார்த்துத் தேதியோடு சொன்னார்கள். புகார் மெயில் இருக்கும், இன்ஷூரன்ஸ் மெசேஜ் இருக்கும். கசார்வாடியில் யாருக்கும் மாதம் ஞாபகம் இல்லை. காலண்டரில் குறித்து வைக்கவா களவு கொடுக்கிறார்கள்? பெண்கள் 'தெரியாது' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். இத்தனை வீட்டில் மாதம் காலியாக இருந்தால் படிவத்தை வாங்க மாட்டோம் என்று ஏஜென்சியில் என்னிடம் கத்தினார்கள். மூன்றாம் வாரம் நான் ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்தேன். "கணபதிக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேளுங்க. முன்னாடின்னா ஆகஸ்ட், பின்னாடின்னா அக்டோபர், அதே சமயம்னா செப்டம்பர்."

ஜனங்கள் முன்னாடி என்றும் சொல்லவில்லை, பின்னாடி என்றும் சொல்லவில்லை. "ஹாங், கணபதி டைம்தான்" என்று தலையாட்டினார்கள். கேட்டவள் வாயிலிருந்து வந்த ஒரே பண்டிகை அதுதானே. தீபாவளி என்று கேட்கச் சொல்லியிருந்தால் எல்லாக் களவும் தீபாவளிக்கு நடந்திருக்கும். அந்த ஐந்து மடங்கை எந்தத் திருடனும் செய்யவில்லை, நான் செய்தேன்.

ஜனவரியில் அது தெரியாமல் செய்தது. மே மாதம் நீ போன் பண்ணின அன்றே எனக்கு விளங்கிவிட்டது. அப்போது சொல்லியிருந்தால் அறிக்கையே வந்திருக்காது. நாலு பேர் நடுவில் யாராவது உன்னை மடக்கிக் கேட்பார்கள், நீ முழிப்பாய், நான் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

என் பயிற்சி நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி, என் கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

அப்பா பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு சௌக்கிக்குப் போனார். டீ கொடுத்து மரியாதையாகப் பேசி, உத்தரவு சார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீலா


புது டெல்லி
18 செப்டம்பர் 2024

நீலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். "ஜான் எங்கம்மா?" "கடைக்குப் போயிருக்கான்." சனிக்கிழமை போட்டேன். "தூங்குதான்." பகல் பதினோரு மணிக்கு. நேற்று விசர்ஜன் முடிந்த பிறகுதான் அவன் குரலைக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, நல்ல பெஞ்சு, ஃபேன் இருந்துச்சு" என்றான். நான் போனை வைத்துவிட்டு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன்னை என்ன செய்தால் தகும்? நான் விழ வேண்டும் என்று நீ குழி வெட்டினாய், விழுந்தது ஜான். இரண்டு மார்க்குக்கு இருபத்திரண்டு வருஷமா? அடிக்கத் தோன்றுகிறது. நேரில் இருந்தால் நிஜமாகவே அடித்திருப்பேன்.

இன்னொன்று. உன் பக்கம் வந்த பிறகு கசார்வாடிப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் வீடும் அதில் இருக்கிறது. அம்மாதான் பதில் சொல்லியிருக்கிறாள். மகனின் பட்டறையிலிருந்து வெல்டிங் மெஷின் களவு, மாதம் செப்டம்பர், போலீஸுக்குப் போகவில்லை, காரணம் 'போய் என்ன ஆகப்போகுது'. அந்த மெஷின் போனது ஜூலையில் நீலா. பட்டறைக்குள் மழைத் தண்ணீர் வந்து கதவைக் கழற்றி வைத்திருந்தபோது போனது. அன்றைக்கே ஜான் எனக்கு போன் பண்ணினான். என் வீட்டுக் களவே தப்பான மாதத்தில் நிற்கிறது, அதைப் பார்க்காமல் மொத்த எண்ணை மட்டும் பார்த்துப் படம் வரைந்திருக்கிறேன். களவு கொடுத்தவனைக் களவுக்காகப் பெஞ்சில் உட்கார வைத்த அறிக்கை என்னுடையது.

மே மாதம் எனக்குச் சந்தேகம் வந்தது. நீ "அப்படித்தான்" என்று சொன்ன விதமே சரியில்லை என்று பட்டது. விமானம் ஏறினால் இரண்டு மணி நேரம். வரவில்லை. ஏன் வரவில்லை தெரியுமா? அந்த மேடு படத்தில் அழகாக இருந்தது. அதைக் கைவிட எனக்கு மனசில்லை. ஆகையால் உன்னை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் திட்டுகிறேன்.

திங்கட்கிழமை டைரக்டரிடம் போய் நோட்டுப் பக்கத்தைக் காட்டி எல்லாம் சொல்லிவிட்டேன். அறிக்கையைத் திரும்பப் பெற்று, திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். புனே போலீஸ் மேலதிகாரிகளுக்கும் பிரதி போகும். அக்டோபர் நேர்காணலுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள், டைரக்டர் அதைச் சொல்லவில்லை, ஆனால் டீ சாப்பிடுகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

குறிப்பில் தவறு எப்படி வந்தது என்று எழுத வேண்டும். 'புனே களக் குழு பயன்படுத்திய கேள்வி முறையால்' என்று பெயர் இல்லாமல் எழுதலாம். அல்லது உன் பெயரைப் போடலாம். போட்டால் அடுத்த கணக்கெடுப்புக்கு எந்த ஏஜென்சியும் உன்னைத் தொடாது. முதல் தடவை உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன், இந்தத் தடவை நீ சொல்லு. மாசக் கடைசிக்குள் எழுது.

மன்னிப்பு கேட்டு எழுதாதே. அதைப் படிக்கிற நிலையில் நான் இல்லை.

ஸ்டெல்லா


லோஹேகாவ்
26 செப்டம்பர் 2024

ஸ்டெல்லா,

மன்னிப்பு கேட்கவில்லை. வேலை செய்திருக்கிறேன், அதை மட்டும் எழுதுகிறேன்.

நாற்பத்தொரு வீட்டுக்கும் நானே திரும்பப் போனேன். இந்தத் தடவை ஒரு பண்டிகையைச் சொல்லவில்லை. பொங்கல் பக்கத்து சங்கராந்தி, ஹோலி, ஸ்கூல் திறந்தது, பண்டரிபுரத்துக்குப் போகிற பால்கி பல்லக்கு ஊர்வலம் பழைய ஹைவேயில் போனது, கணபதி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுவதையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு மழையா? பிள்ளைக்கு லீவா? வீட்டில யார் வந்திருந்தா?" என்று கேட்டேன். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. செப்டம்பரில் இருந்த பதினாலு களவு மூன்றாகிவிட்டது. இரண்டு களவு அந்த வருஷத்திலேயே இல்லை, அதற்கு முந்தின வருஷம். மீதியெல்லாம் அங்கங்கே பரவிக் கிடக்கிறது, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. ஞாபகம் இன்னும் எட்டு மாதம் பழசாகிவிட்டது, அதனால் இதையும் முழு உண்மை என்று எழுதிவிடாதே. படிவங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன்.

உன் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அம்மாவிடமும் ஜானிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், மே மாதத்து விஷயம் உள்பட. நீ எழுதின அறிக்கை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, "நான் அவளையில்லா வெளங்காமப் போவன்னு சொன்னேன்" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "சின்னதுல ஒரே தட்டுல தின்னவளுவ" என்றார்கள், அவ்வளவுதான். ஜான் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் வரை வந்து, "மெஷின் போன மாசத்த சரியா எழுதிட்டீங்களாக்கா?" என்று கேட்டான். ஜூலை என்று காட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் உன்மேல் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன், ஆனால் இதைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும்.

என் பெயரைப் போடு. நீலா கிருஷ்ணஸ்வாமி, களக் கண்காணிப்பாளர், புனே என்று முழுதாகப் போடு. குழு என்று போட்டால் பவுனும் மற்றப் பதினேழு பெண்களும் அதற்குள் வந்துவிடுவார்கள், அவர்கள் நான் சொன்னதைத்தான் கேட்டார்கள். ஏஜென்சி கூப்பிடாவிட்டால் போகட்டும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மொபைலில் இருந்த அந்த வீடியோவை அவர் அழித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

குறிப்பின் அடியில் உன் பெயரும் வருமல்லவா? என் பெயர் மேலே இருக்கட்டும். தப்பு முதலில் என்னுடையது, அதனால் இது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்காக மட்டும் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

அச்சானதும் ஒரு பிரதி அனுப்பு. இதைப் பற்றிப் பேச டிவிக்காரர்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். தப்பித்தவறிக் கூப்பிட்டால் நீ போகாதே, நான் போகிறேன். அந்த மஞ்சள் புடவையை மட்டும் வாங்கி அனுப்பு, கறையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நீலா